அம்மா சொன்ன காந்தம்

பழுதான ஸ்பீக்கரை இப்போதைய டாலிகஞ்ச் வீட்டில் பிரித்தபோது, உள்ளிருந்த வளையக் காந்தம் என் கையிலிருந்து துள்ளி இரும்பு பீரோவில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தோடு, சின்ன வயதில் நாங்கள் இருந்த ஹவுராவின் ரயில்வே குவார்ட்டர்ஸும் நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டை இப்போது இடித்துவிட்டார்கள். அதன் பின்சுவருக்கு அப்பால் பழைய இரும்பு யார்டு. கிரேனில் தொங்கும் மின்காந்தத் தட்டு, கரண்ட் ஓடும்வரை ஒரு குவியல் இரும்பைக் கவ்வி நிற்கும், நிறுத்தியதும் அது வெறும் தட்டாகி அத்தனையையும் தடதடவென்று கொட்ட, எங்கள் அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும், துரு மணக்கும். அதற்கு நடுவே அம்மா தைத்துக்கொண்டிருப்பாள். தரையில் விழுந்த ஊசிகளை நூலில் கட்டிய காந்தத்தால் துழாவி எடுப்பாள். மாயவரத்திலிருந்து வந்தவளுக்கு வங்காளம் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

ஒருநாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, வந்த புதிதில் நாளெல்லாம் தனியாக என்ன செய்தாய் என்று வங்காளத்தில் கேட்டாள். கையிலிருப்பதைக் கேட்கிறாள் என்று நினைத்து அம்மா சொன்னாள்: "காந்தம்."

மாஷிமா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை.

சாயங்காலம் நான் சொல்லக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வங்காளத்துல 'காந்த்தாம்'னா, 'அழுதுக்கிட்டே இருந்தேன்'னு அர்த்தம். அவங்க காதுல அப்படித்தான் விழுந்திருக்கும்."

காந்தத்தில் ஒட்டியிருந்த ஊசியைப் பிரித்தபடி அம்மா சொன்னாள்: "தப்பா ஒண்ணும் சொல்லிடலையே."