பலகை வைக்காத செடிகள்

வானகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவரோரம் புல்தரை போட்டுப் பார்த்தார்கள், மூன்று தடவையும் காய்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் சங்கத்துச் செயலாளர் அம்மா என்னிடம் வந்தார். ஐடி கம்பெனியில் வேலை, என் மருமகள் வயது இருக்கும்.

"பட்டாம்பூச்சி வர்ற மாதிரி நம்ம ஊர்ச் செடியா வைக்கணும் அம்மா. உங்களுக்குத் தெரியும்னு உங்க மருமக சொன்னாங்க."

தெரியும். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த நாளெல்லாம் வேலியோரச் செடியையும் பூச்சியையும் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். பேசத்தான் வராது, பார்க்க வரும்.

கள்ளிக்குப்பத்துக் காலிமனையிலிருந்து எருக்கு, தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை எல்லாம் அரிசிப் பையில் கொண்டுவந்தேன். ஆடியில் நட்டேன். ஆவாரை விதையைத் தரையில் தேய்த்து ஊறப்போட்டேன், இல்லாவிட்டால் முளைக்காது. தண்ணீர் தேங்குகிற மூலையில் வெட்டிவேர். மழை பிடித்தால் பூச்சிகள் ஒதுங்க அந்தப் புல் வேண்டும். ஐப்பசியில் பட்டாம்பூச்சி வந்துவிடவேண்டும் என்பதுதான் என் கணக்கு.

செயலாளர் அம்மா எட்டுச் சின்னப் பலகைகளும் ஒரு மார்க்கரும் கொடுத்தார். "செடிப் பேரை நீங்களே எழுதுங்கம்மா. கையெழுத்துலதான் அழகு."

அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை. ஒரு பலகையில் 'ஆவாரை' என்று எழுதினேன். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றது. இதை எல்லோரும் நின்று படிப்பார்களே என்று தோன்றியது. மண்ணெண்ணெய் தொட்டு அழித்தேன். எட்டையும் பீரோ மேல் வைத்துவிட்டேன். மருமகளை எழுதச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை.

புரட்டாசிக் கடைசியில் எருக்கிலையில் வரிவரியாய்ப் பட்டாம்பூச்சிப் புழு. தேள்கொடுக்கின் காய்ந்த தண்டை நான் வெட்டவில்லை. பூவைவிட அந்தக் காய்ந்ததில்தான் சில பட்டாம்பூச்சிகள் வந்து உறிஞ்சும். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை.

ஆயுத பூஜைக்குச் செயலாளர் அம்மா ஊருக்குப் போய்விட்டார். போகும்போது வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார், பின்னால் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், பலகை வைத்த செடியை மட்டும் தொடவேண்டாம் என்று. அவர் நினைப்பில் பலகை இருந்தது. தரையில் இல்லை.

சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது பாதி போயிருந்தது. கூலிக்கு வந்த ஆள் வெட்டிவேரை மண்வெட்டியால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆயா, நின்னுகினே கீறே? இதுல எதுனா உன்னுதா?"

வாய் வரைக்கும் வந்தது.

"இல்லப்பா. சும்மா பாத்தேன்."

"நல்லாப் பாரு. எருக்கெல்லாம் வளத்து வச்சிருக்காங்கோ. ஊடு வெளங்குமா?" சிரித்துக்கொண்டே புழுவோடு சேர்த்து வெட்டிக் கோணியில் அமுக்கினார். நான் மாடியேறி வந்து, பூஜைக்கு எடுத்துவைத்த அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தேன்.

ஊரிலிருந்து வந்த செயலாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போர்டு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் அம்மா. ஏன் வைக்கல?"

"மறந்துட்டேன்" என்றேன். அவர்மேல் கோபப்பட்டிருந்தாலாவது ஆறியிருக்கும். அவர்மேல் தப்பில்லை. அந்த ஆள்மேலும் இல்லை.

அந்த ஐப்பசியில் கறுப்பும் நீலமுமாய் நாலைந்து பட்டாம்பூச்சிகள் வந்தன. வெறும் மண்ணைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதில் தாண்டிப் போயின. பால்கனியிலிருந்து பார்த்தேன்.

எருக்கு மட்டும் மழைக்குப் பிறகு வேரிலிருந்து துளிர்த்தது. பீரோ மேலிருந்து ஒரு பலகையை எடுத்தேன். எழுதினேன், அழிக்கவில்லை. விடியுமுன் யாரும் நடக்க வராத நேரம் பார்த்து ஊன்றிவிட்டு வந்தேன்.

காலையில் நடக்க வந்த இரண்டு பெண்கள் அதன் முன் நின்றார்கள்.

"ஐயோ, எவ்ளோ க்யூட்டா எழுதியிருக்கு பாரேன். யார் வீட்டுக் குழந்தை?"

இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வெயில் கண்ணில் படுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செடியை யாரும் தொடவில்லை.