சந்தனம் வைத்த இருபத்துநாலு பின்கள்

என்ன வேலை பார்க்கிறீங்க என்று யாராவது கேட்டால், ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிகிறதா உங்களால்? என்னால் முடிவதில்லை. விமானத்துக்குப் போகிற உலோகப் பாகங்கள் மேல், கடுகளவு இரும்புக் குண்டுகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது எங்கள் தொழில். விமானம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி அதிலிருக்கிற இரும்பும் அசந்து போகுமாம்; அப்புறம் விரிசல் விடுமாம். முன்கூட்டியே அடித்து மேல்தோலை இறுக்கிவிட்டால் ஆயுள் கூடும். சேர்ந்தபோது எனக்கு ஒரு வருஷத் தற்காலிக வேலை. நிரந்தரமானவர்களுக்குத்தான் கம்பெனி வேன். நான் மூன்று வயது மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, திருமயத்தில் இறங்கி ரெண்டாவது பஸ் பிடித்துக்கொண்டிருந்தவள். பஸ்ஸில் நின்றே பழகின உங்களுக்கு இது புரியும்.

குண்டுக் கம்பெனி

"குண்டு அடிக்கிற வேலை" என்று வீட்டில் சொல்லி வைத்தது என் தப்பு. மாமியார் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். பொன்னமராவதியில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியமாமா, தன் இலையைக் கொஞ்சம் அங்கிட்டு நகர்த்திக்கொண்டார். இது வெடிக்காத குண்டு என்று பாயசம் வரும்வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "சரி ஆத்தா. எதுக்கும் வீட்டுக்கு வாரப்ப கையக் கழுவிட்டு வா."

வளைகிற தகடு

பாகத்தை அடிப்பதற்கு முன் ஒரு சின்னத் தகட்டை அடித்துப் பார்ப்போம். அது வில் மாதிரி வளையும். எவ்வளவு வளைந்தது என்று அளந்தால் அடி சரியா என்று தெரிந்துவிடும். ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கமில்லை, ஒன்பது தகடு போட்டும் அளவு வரவில்லை. என்னைப் போலவே தற்காலிகமான ரோஸி அக்கா பத்தாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு பக்கம் அடிச்சதுக்கே இது இப்புடி வளையுது. நம்மள எத்தன பக்கம் அடிக்கிறாங்கடி."

ஆயுத பூஜை

என் வருஷம் முடிகிற மாதம் பெங்களூரிலிருந்து ஒரு புது ஆர்டர் வந்தது. விமானத்தின் சக்கரக் காலில் மாட்டுகிற, விரல் தடிமன் இரும்புப் பின், இருபத்துநாலு. இது தேறினால் எனக்கும் ரோஸி அக்காவுக்கும் வேலை நிரந்தரம் என்று சூப்பர்வைசர் முருகேசன் சார் சொல்லியிருந்தார். அடித்து முடித்து, கை ஈரம் படாமல் கிளவுஸ் போட்டு, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்தோம். அன்றைக்கு ஆயுத பூஜை. மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்த கையோடு, நமக்குச் சோறு போடப்போவதே இதுதானே என்று பின்களுக்கும் வைத்தேன். எண்ணெயில் சந்தனம் நிற்கவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு வைத்தேன்.

மூன்று நாள் லீவு முடிந்து வந்தால் ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே ஒரு துரு வட்டம். தேய்த்து எடுத்துப் பெட்டியில் அடுக்கியிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் தேய்த்தால் அடித்து இறுக்கின தோலும் சேர்ந்து போய்விடும். அந்தப் பின்னை நம்பி ஆட்கள் தரையிறங்குவார்களே. குறையுள்ள பாகத்துக்குக் கட்டுகிற சிவப்பு அட்டையை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'சந்தனம், குங்குமம்' என்று எழுதிக் கட்டினேன். முருகேசன் சார் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "ஏம்மா, கிளவுஸாவது போட்டுக்கிட்டு வச்சீங்களா?"

பெங்களூர்க்காரர்

ரெண்டு நாளில் ஆர்டர் கொடுத்த கம்பெனியின் பரிசோதகர் வந்தார். பூர்வீகம் சேலமாம், தமிழ் படிப்பார். அவர் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்க்க, நான் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துவிட்டேன், நாளைக்கு வரவேண்டியிருக்காது என்று. பத்தொன்பது பின்னில் மேலோட்டமான கறை, சுத்தம் செய்து மறுபடி அடித்தால் போதும். ஐந்தில் துரு உள்ளே இறங்கிவிட்டது, அவை கழிவு. அட்டை எழுதினது யார் என்றார். கையைத் தூக்கினேன். "இத மறைக்காம எழுதுற ஆளு இருந்தா அடுத்த ஆர்டரும் தரலாம்" என்றார் முருகேசன் சாரிடம்.

இப்போது வேனில் வருகிறேன். ஜன்னல் சீட்டை மட்டும் ரோஸி அக்கா விடுவதில்லை. அடித்தால் ஆயுள் கூடும் என்பதை இரும்பில்தான் நிரூபித்திருக்கிறார்கள், என்னை வைத்து இன்னும் சோதனைதான் நடக்கிறது. அன்றைக்குக் காரில் ஏறப்போன பெங்களூர்க்காரர், திரும்பி வந்து என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்:

"அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னாடியே பாகத்தையெல்லாம் அனுப்பிருங்கம்மா. பொட்டு நாங்க வச்சுக்கிறோம்."