ஸ்கேன் அறையில் கொட்டிய தண்ணீர்

போன வைகாசியில், தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நடந்தது இது. நான் கம்பத்தில் பரோட்டா மாஸ்டர். மீசை முளைத்த நாளிலிருந்து கல்லுக்கு முன்னால் நின்றே பிழைப்பவன். இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம் ஒரு புண் வந்தது. சுற்றிலும் தோல் கறுத்துப்போய், ஆறுவேனா என்றது. சர்க்கரையாக இருக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சோதித்ததில் சர்க்கரை இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படிச் சின்னப் புண்ணாகத் தொடங்கித்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கால் போன மாஸ்டரை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்?

டாக்டர் காலுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஸ்கேன் விவரமெல்லாம் தெரிந்தவள் என் மனைவிதான். இரண்டு பிள்ளை பெற்றவள் ஆயிற்றே.

"வெறும் வயித்தோட வாங்க. தண்ணிய நல்லா குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கணும். அப்பத்தான் படம் தெளிவா விழும்னு எனக்குச் சொன்னாக" என்றாள்.

காலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. பஸ் உத்தமபாளையம் தாண்டும்போதே பாட்டில் காலி. சென்டரில் மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். அங்கே நல்ல கூட்டம். முறை வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுந்து போனால் ஸ்கேன் கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே ஓர் இளம் பெண் டாக்டர். நான் பாதித் தண்ணீரோடு இருந்த பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டையைத் தூக்கினேன்.

"சட்டைய இறக்குங்கண்ணே, காலத்தான் பாக்கணும். இந்தப் படி மேல ஏறி நில்லுங்க" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டி, கம்பியைப் பிடித்து, வலது காலில் கனத்தைப் போட்டு நின்றேன். இடது காலில் ஜில்லென்று எதையோ தடவி, கருவியை வைத்து, கெண்டைச் சதையை ஓர் அமுக்கு அமுக்கினார். திரையில் நீலம் ஓடியது. மிஷின் 'புஸ்' என்றது. கையை விட்டதும் சிவப்பு வந்தது. இந்த முறை சத்தம் நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. மறுபடி அமுக்கினார், விட்டார். அதே சத்தம். டாக்டர், உதவிக்கு நின்ற அம்மாவை எதையோ எடுத்துவர வெளியே அனுப்பினார். அவ்வளவுதான், காலை எடுக்கப்போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். உள்ளங்கை வேர்த்தது. காது அடைத்தது. திரை இருட்டிப்போனது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். டாக்டரும் தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் தாங்கியிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. எதனால் என்று புரிந்தபோது அப்படியே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. விழுந்த சத்தம் கேட்டு வெளியே ஆட்கள் ஓடிவந்தார்கள். அதில் என் மனைவியின் குரலும் கேட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று கையை நீட்டி, நாற்காலியில் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் இடுப்பிலும் தரையிலும் கவிழ்த்தார். கதவு திறந்தது.

"ஒண்ணுமில்லக்கா, மயக்கம்தான். தெளிய வைக்கத் தண்ணி எடுத்தேன், கை தவறி மேல கொட்டிட்டேன்" என்றார்.

என் மனைவி சும்மா விடுவாளா? "பாத்துச் செய்யக் கூடாதா டாக்டரம்மா? அவுக தொப்பலா நனைஞ்சிட்டாகளே" என்று கடிந்துகொண்டாள். டாக்டர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

பிறகு டீயும் பன்னும் வாங்கிவரச் செய்து என்னைச் சாப்பிட வைத்தார். கட்டிலில் உட்கார்த்தி, காலைத் தொங்கவிட்டு மீதியைப் பார்த்து முடித்தார்.

"மேல போற ரத்தம் திரும்பி வராமத் தடுக்குற வால்வு கெட்டுப்போச்சுண்ணே. நின்னு நின்னு கீழயே தேங்கிப் புண்ணாயிருக்கு. சரி பண்ணிரலாம். கால எடுக்குற பேச்சே இல்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிகிச்சை நடந்து புண் ஆறிவிட்டது. இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு மறுபடி கல்லுக்கு முன்னால் நிற்கிறேன். ஆனால் யார் விசாரித்தாலும் என் மனைவி, "நல்ல டாக்டருதான், என்ன, கையில நிதானம் பத்தாது" என்கிறாள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். வாயைத் திறக்க மாட்டேன். வாசகர்கள் எழுதும் இந்தப் பக்கத்தை அவள் ஒரு வாரமும் விடாமல் படிப்பாள். நேரில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். அவருக்குக் கை தவறவே இல்லை; முன்பின் தெரியாத ஒருவன் தலைகுனியக் கூடாதென்றுதான் அன்று அவர் உன் முன்னால் தலைகுனிந்தார்.