குச்சி இல்லாத பத்தி

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: கொளுத்திக் காட்டாமல் விற்க முடியாது, கொளுத்திக் காட்டினால் சரக்கு சாம்பலாகிவிடும். துணிக்கடைக்காரர் விரித்துக் காட்டிய சேலையைத் திரும்ப மடித்து வைத்துக்கொள்ளலாம். நாங்கள் என்ன செய்வது? கடை வைத்திருக்கிற உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு வயிற்றெரிச்சல் இருக்கும், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மதுரை மொத்த வியாபாரி ஒருவர், "வித்துப் பாருங்கம்மா, போனா போகுது" என்று ஒரு பெட்டி ஜப்பான் ஊதுபத்தியை என் தலையில் கட்டினார். சேமியா மாதிரி மெலிசு. நடுவில் மூங்கில் குச்சி கிடையாது. புகையும் கொஞ்சம்தான். சந்தனம் கலந்ததைத் தினப்படிக்கு என்று ஒரு தட்டிலும், அகில் கலந்ததை விசேஷத்துக்கு என்று மேல் தட்டிலும் அடுக்கினேன். கதையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாழைப்பழம்

முதலில் வாங்கியவர் ரெட்டியார்சத்திரம் பக்கம் சம்பங்கி போட்டிருக்கும் விவசாயி. மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு, தோளில் ஈரத்துண்டோடு வந்து நின்றார். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. பத்திப் புகை பட்டால் இருமல் நிற்காது. "கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் சேந்துதாம்மா சாமி கும்பிடுவோம். இப்ப நான் உள்ள, அவ வெளிய. பத்தி வேணாம்னு சொன்னா அதுக்கும் அவ ஒத்துக்க மாட்டேங்குறா" என்றார். சந்தனப் பத்தியைக் கொடுத்தேன். புகை கம்மிதான், ஆனால் அறவே இல்லாமல் இல்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமல் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

மறுநாளே முகம் தொங்கிப்போய் வந்தார். சட்டைப் பையில் நாலைந்து துண்டுகள். வழக்கம்போல வாழைப்பழத்தில் குத்தியிருக்கிறார், எல்லாம் ஒடிந்துவிட்டது. சின்னக் கிண்ணத்தில் விபூதியைக் கொட்டி அதில் நட்டு வைக்கச் சொல்லி, வேறு பத்தி கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நாள் ஆளைக் காணோம். அப்புறம் ஒரு காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "உள்ள வந்து உக்காந்துட்டாம்மா. இத்தன வருசத்துப் பேச்ச எல்லாம் அங்கனயே பேசுறா, மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேக்கல" என்றார்.

மகன் மூக்கு

சின்னாளபட்டியில் இருந்து ஒரு அம்மா வருவார். வீட்டில் தறி. ஒரே மகன் ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தான். அவன் தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறதாம், வேலைக்குப் போகும்போது அங்கேயிருந்து ஒரு வாசம் வருமாம். ஒருநாள் போனில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அதைப் பிடித்துக்கொண்டார் இவர். "அவன் மூக்குல ஏறுற வாசம் என் மூக்குலயும் ஏறணும் தாயி. செத்த நேரம் பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கும்ல."

கடையில் இருந்த ஜப்பான் பத்தி அத்தனையிலும் ஒவ்வொன்றைக் கொளுத்தினேன். கண்ணை மூடி மோந்துவிட்டு, "கிராம்பு மாதிரி இருக்கும்னான், இது இல்ல" என்பார். அடுத்த முறை வரும்போது, "மழத் தண்ணி மாதிரி இருக்கும்னான்" என்பார். கடைசியில் பச்சை அட்டைப் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இதாத்தான் இருக்கும்" என்று அவராகவே முடிவு செய்தார். அன்றிலிருந்து தினமும் மகன் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அதைத்தான் ஏற்றினார்.

மகன் லீவில் வந்தபோது அம்மாவுக்குத் தெரியாமல் கடைக்கு வந்தான். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள பையன். ஜப்பானுக்குத் திரும்பப் போவதாகவும் பத்தி வேண்டும் என்றும் சொன்னான். ஜப்பான் பத்தியை எடுத்து வைத்தேன். பதறிப்போய்க் கையை ஆட்டினான். "அய்யோ அக்கா, இது வேணாம். அந்தக் கோயில நான் சரியாக் கூடப் பாத்ததில்ல, அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். எனக்கு நம்ம ஊரு பத்தியே குடுங்க, வீடே மூட்டம் போடுமே, அது."

பெண் பார்க்கும் நாள்

வெங்காயப் பேட்டையில் ஒரு கிட்டங்கிக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பெண் அவள். தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். கீழே சின்ன வெங்காய மூட்டைகள். மேலே இவர்கள் வீடு. பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசத்தால்தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "இருக்குறதுலயே ஒசத்தியானது எது அக்கா?" என்று கேட்டாள்.

அகில் பத்தியைக் காட்டினேன். ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் கொடுத்தேன்: "இது வெங்காயத்தோட சண்டை போடாது தாயி. ரொம்ப சாது. அவங்க வர்றதுக்குச் செத்த முன்னாடியே ஏத்தி முடிச்சிரு. தங்குற வாசம்தான் நல்லாருக்கும்." அவளும் அப்படியே செய்திருக்கிறாள். இந்த முறை வந்தவர்கள் காபி குடித்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம். மாப்பிள்ளை அவளிடம் ஆஸ்பத்திரி ஷிப்ட் பற்றியெல்லாம் விசாரித்தாராம். மாப்பிள்ளையின் அம்மா, "உள்ள வந்ததும் மனசுக்கு நெறவா இருக்கு" என்றாராம். அவள் அதை என்னிடம் சொல்லும்போது முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவள் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் நின்றாள். "அவங்களும் ஒண்ணும் சொல்லலக்கா. பெட்டியில பாதி இருக்கு, காத்துப் படாம சுத்தி வச்சிருக்கேன், அடுத்த தடவைக்கு ஆகும்ல?"

சந்தைக்காரர்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே ஆட்டு வாடை வந்துவிட்டது. மனைவி இறந்து முதல் வருஷத் திதி. "தெவசத்துக்கு ஏத்தணும், நல்லதாக் குடு ஆத்தா" என்றார். அகில் பத்தியை ஒன்று ஏற்றிக் காட்டினேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"உங்க சட்டையில இருக்குற வாடையில தெரியாதுங்கய்யா, குளிச்சிட்டு ஏத்துங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். பெரியவர் சிரித்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு படி இறங்கப் போனவர் திரும்பி நின்றார். "அவளும் இதத்தான் சொல்லுவா. சந்தையில இருந்து போனா வாசல்லயே நிறுத்தி, தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள விடுவா. இப்ப நேரா உள்ளதான் போறேன் ஆத்தா, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

என் மூக்கு

நீங்கள் கேட்கலாம், உன் வீட்டில் எதை ஏற்றுகிறாய் என்று. பகல் முழுக்கப் பத்திக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததில் எனக்கு எந்த வாசமும் பிடிபடுவதில்லை. மல்லிகை வைத்துக்கொண்டால் தலையில் பூ இருப்பது கனத்தால்தான் தெரிகிறது. ஒரே ஒரு தடவை அந்தப் பழைய வாசம் மூக்கில் ஏறாதா என்று பூவைக் கையில் வைத்துக் கசக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பத்திக்கடைக்காரிக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் யார் வருவார்கள்?

வீட்டுக்காரர் லாரி ஆபீசில் வேலை பார்க்கிறார். நான் வீடு திரும்பும் முன்பே விளக்கேற்றி, ஜப்பான் பத்தி ஒன்றையும் ஏற்றி வைத்திருப்பார். நான் செருப்பைக் கழற்றும்போது, "எப்பிடி இருக்கு?" என்பார். "நல்லாருக்குங்க, சந்தனம் தூக்கலா இருக்கு" என்பேன். போன மழையில் ஒருநாள் நனைந்துகொண்டே வந்தேன். அவர் கேட்பதற்கு முன்பே, "ஆஹா, இன்னைக்கு வாசம் கமகமன்னு இருக்கே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். தலையைத் துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு ஏத்தவே இல்ல புள்ள, தீப்பெட்டி நமுத்துப் போச்சு."

ஆக, இந்தக் கடைக்குள் யார் வந்தாலும், என்னையும் சேர்த்து, தேடுவது வேறு எதையோதான், ஆனால் எங்களிடம் ஸ்டாக் இருப்பது பத்தி மட்டும்தான்.