ஆற்றில் மீன் விட்ட உத்தியோகம்

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவனை ஊர் மதிக்கும்; ஆற்று மீனுக்கு வைத்தியம் பார்க்கிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். நான் மீன் இலாகாவில், சேலம் நாமக்கல் பக்கத்து ஆறு குளங்களுக்குச் சிப்பந்தியாகப் பல வருஷம் காலம் தள்ளியவன். குஞ்சு கொண்டுபோய் விடுவது, நோய் பார்ப்பது, முட்டை பொரிக்க வைப்பது எல்லாம் என் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் 'மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?' என்று கேட்டு, பதில் சொல்ல நீங்களும் எச்சில் விழுங்கியிருந்தால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

குழி தேடிய பஸ்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நாலு தகரப் பானைகளில் கெண்டைக் குஞ்சுகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். பானைத் தண்ணீர் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அதில் காற்றுக் கலக்கும். அலையாவிட்டால் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சற்று நேரத்தில் மல்லாந்துவிடும். அந்த ரோட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் கவலையில்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

டிரைவர் நல்ல மனிதர். வாயில்லா ஜீவன் வருகிறதே என்று, என்றும் இல்லாத பக்குவமாக, ஒவ்வொரு குழியையும் சுற்றி வளைத்து ஓட்டினார். ராசிபுரம் தாண்டியதும் பானையைப் பார்த்தேன். அத்தனை குஞ்சும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். நாலு பானைக்கு இரண்டு கை போதவில்லை. முன்னால் ஓடி, தயவுசெய்து குழியில் விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வண்டியை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு ஒரு குழியையும் விட்டுவைக்கவில்லை. குஞ்சுகள் பிழைத்தன. பின்சீட்டில் இருந்தவர்கள் என்னோடு பேசவில்லை. நாமக்கல்லில் பானையை இறக்கும்போது டிரைவர் சொன்னார்: "பதினஞ்சு வருசமா குழியில உடாதே உடாதேன்னுதானுங்க எல்லாருஞ் சொன்னாங்க. உடச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க."

பேன் பார்த்தது

மோகனூரில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு குழி வெட்டி, முட்டைக்காகப் பெரிய கெண்டைகளை வளர்த்து வந்தோம். ஒரு கோடையில் அவற்றுக்குப் பேன் பிடித்தது. மீனுக்கும் பேன் உண்டு. உடம்பில் பொட்டுப் போல ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வைத்தியம் சுலபம். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் பேன் உதிர்ந்துவிடும்.

அண்டாவில் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு மீனாகப் போட்டுக்கொண்டிருந்தேன். துணி துவைக்க வந்த ஓர் அம்மாள் மூட்டையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மீனுக்குப் பேன் எடுக்கிறேன் என்றேன். தலைமயிரே இல்லாததற்குப் பேன் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். நான் விளக்க விளக்க, அவர் கண் அண்டாவையும் உப்பையும் விட்டு நகரவில்லை. கடைசியில் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க வெக்கம், மொளகாயும் மஞ்சளும் நானே அரைச்சுக் கொண்டாரேஞ் சாமி."

ஆற்றங்கரைக் கல்யாணம்

உல்லம் என்று ஒரு மீன். கடலில் வாழ்ந்தாலும் புதுவெள்ளம் வந்தால் முட்டையிடக் காவிரியில் எதிர்த்து ஏறும். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. இனி வெள்ளம் எப்படி வருமோ, மீன் ஏறுமோ ஏறாதோ என்று, அந்த வருஷமே முட்டையைப் பிழிந்து பொரிக்க வைத்து ஆற்றில் விட்டாக வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். முட்டை முற்றிய பெண் மீனும் ஆண் மீனும் ஒரே நேரத்தில் உயிரோடு கிடைக்க வேண்டும். உல்லமோ வலையில் பட்ட கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். பத்து நாள் பரிசலில் அலைந்தோம். பெண் கிடைத்த அன்று ஆண் இல்லை. ஆண் கிடைத்த அன்று பெண் இல்லை. வெள்ளம் வடிய ஆரம்பித்துவிட்டது. நான் சாப்பாட்டையே மறந்தேன்.

பதினோராம் நாள் மாலை இரண்டும் ஒரே வலையில் வந்தன. பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைச் சட்டியில் இறக்கி, ஆண் மீனின் விந்துப் பாலை அதன்மேல் பிழிந்து, கோழி இறகால் கலக்கினேன். மறுநாள் முட்டைக்குள் கண்ணாடி நூல் போலக் குஞ்சுகள் துடித்தபோது பரிசல்காரர் என்னைக் கட்டிக்கொண்டார்.

பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடித்து வைக்கும் தரகர் ஒருவர் முதல்நாள் மாலையிலிருந்தே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானும் எத்தனையோ முடிச்சு வெச்சிருக்கேனுங்க, பொண்ணும் மாப்பிளையும் மூஞ்சியே பார்க்காம புள்ளகுட்டி வரைக்குங் கொண்டாந்தது நீங்கதானுங்க."

தகடு

மீன் எவ்வளவு தூரம் ஆற்றில் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள, சில கெண்டைகளின் முதுகுத் துடுப்பில் எண் போட்ட சின்னத் தகட்டைக் கோத்து விட்டோம். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் குமாரபாளையத்திலிருந்து நெசவுக்காரர் ஒருவர் தகட்டைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். நீளம் என்ன, எடை என்ன என்று கேட்டேன். தெரியாது. வயிற்றில் முட்டை இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். முற்றியதா, பிஞ்சா? அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அதை எங்க மாமனாருதானுங்க தின்னாரு, அவரை வேணும்னாக் கூட்டியாரட்டுங்களா?"

தண்டோரா

ஜேடர்பாளையத்தில் குஞ்சு விடப் போன நாள். விட்ட இடத்தில் கொஞ்ச நாளாவது யாரும் வலை போடக்கூடாது என்று அவ்வூர் மணியகாரருக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன். நெல்லிக்காய் கனம் கூட இல்லாத குஞ்சுகளைப் பிடித்து யாருக்கு என்ன லாபம்? ஆனால் போய்ப் பார்த்தால் கரை முழுக்கத் திருவிழாக் கூட்டம். வலை, கூடை, வேட்டி, ஒருவர் கையில் மாவுச் சல்லடை. நான் பானையைச் சாய்க்கவும், நாலடி தள்ளி வரிசையாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பிறகு, மீதி இருந்த இரண்டு பானைகளையும் இறக்காமலே வண்டியைத் திருப்பி, ஒரு மைல் மேலே போய் நாணல் ஓரத்தில் விட்டோம். கூடவே வந்த மணியகாரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆற்றில் யாரும் மீன் பிடிக்கக்கூடாது என்று மூன்று நாளாகத் தண்டோராப் போட்டாராம். எந்த இடம், எந்த நேரம் என்றுகூட விவரமாகச் சொல்லச் சொன்னாராம். "அப்படியும் வந்துட்டாங்க பாருங்க, தண்டோராப் போடாம இருந்திருந்தா இன்னும் எத்தனை பேரு வந்திருப்பாங்களோ."

இத்தனை வருஷத்தில் நான் ஆற்றில் விட்டவற்றில் எத்தனை தப்பிப் பிழைத்தன என்று இலாகாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த மீன்களைவிட அதிகமாக வாயைப் பிளந்தவன் நான்தான் என்று எழுத்துமூலம் கொடுக்கத் தயார்.