மெஷின் சத்தத்துக்கு மேலே

கொடைக்கானலில் லாண்டரி நடத்துகிறவர்களுக்கு அழுக்கு ஒரு பொருட்டே கிடையாது, ஈரம்தான் சத்ரு. செண்பகனூர்ப் பக்கம் ஓட்டல் பெட்ஷீட்டும் டவலும் துவைத்துக் கொடுக்கிற ஒரு லாண்டரியில் நான் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் அங்கேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருநாள் முதலாளி, "இனிமே நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்" என்றுவிட்டார். எனக்கு வேலை செய்யத் தெரியும். வேலை சொல்லத் தெரியாது. நேற்றுவரை பக்கத்தில் நின்றவர்களை இன்று வேலை வாங்க வேண்டி வந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது.

கன்னி உரை

தினமும் காலையில் எல்லாரையும் நிறுத்தி ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தேன். நிமிர்ந்து நில், கண்ணைப் பார், கைகளைக் கட்டாதே. கண்ணாடி முன்னால் ஒத்திகையும் ஆயிற்று. மறுநாள் நிமிர்ந்து நின்று, "அன்பார்ந்த சகோதரிகளே" என்று ஆரம்பித்து, தரம், நேரம், ஒற்றுமை என்று வரிசையாக அடுக்கினேன். எதிரே எல்லாரும் பேசாமல் நின்று கேட்டதில் எனக்கே பெருமையாக இருந்தது.

முடித்துவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றேன். எங்களில் மூத்தவரான பஞ்சவர்ணம் அக்கா, வடகவுஞ்சிக்காரர், பக்கத்தில் வந்து என் காதோடு கத்தினார்: "ஏத்தா, வாய் அசையுது, ஒண்ணும் விளங்கல. பேசுறதுன்னா மெஷின நிப்பாட்டிட்டுப் பேசு. இல்லைன்னா சோலியப் பாக்க விடு!"

முடிஞ்சா பாரு

அதிகாரம் பண்ணுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. அதனால் எதையும் நேராகச் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை, ஒரு பெரிய ஓட்டலுக்கு மதியத்துக்குள் டவல் போய்ச் சேர வேண்டும். மடிக்கிற மேரியிடம் போய், "மேரி, தப்பா நெனைக்காத, கை ஒழிஞ்சா அந்த டவலையும் முடிஞ்சா கொஞ்சம் பாரு" என்றேன். அவளும் தலையாட்டினாள்.

மதியம் ஓட்டலிலிருந்து போன். டவல் இல்லாமல் விருந்தாளிகள் குளிக்க முடியாமல் நிற்கிறார்களாம். ஓடிப்போய்ப் பார்த்தால், மேரி மேஜை விரிப்புகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறாள். டவல் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவளுக்கும் முகம் வாடிப்போயிற்று. "முடிஞ்சா பாருன்னீங்க, முடியலக்கா. இதுதான் மொதல்ல வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெரசா முடிச்சிருக்க மாட்டேனா?" என்றாள்.

வராது சார்

மே மாதத்தில் ஒருநாள் விடியும்போதே கரண்ட் இல்லை. வெளியே கொடியில் போடலாம் என்றால் எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்கு மூட்டம். வழக்கமாக இப்படிப்பட்ட நாட்களில் ஓட்டல்காரர்கள் கேட்டால், "வண்டி கிளம்பிருச்சு சார்" என்று சொல்லிவிட்டுச் சாமி கும்பிடுவோம். அன்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு நானே வெள்ளனே ஒரு மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், பாதி பெட்ஷீட்தான் மதியத்துக்குள்ள வரும். மீதி சாயங்காலம்தான். எந்த ரூமுக்கு மொதல்ல வேணும்னு சொல்லுங்க, அதை மொதல்ல அனுப்புறேன்" என்றேன். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"வராதுன்னு வெடிஞ்சதுமே சொன்ன மொத லாண்டரி நீங்கதாம்மா. எப்படித் திட்டுறதுன்னே தெரியல" என்றார்.

ரோலர்

எங்களிடம் ஒரு ரோலர் மெஷின் உண்டு. சூடான உருளை. ஈரத்தோடு பெட்ஷீட்டை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வரும். முன்னால் ஒரு கம்பி இருக்கும். விரல் அதில் பட்டால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். ஒருநாள் அது நிற்கவில்லை. குளிருக்காக மேரி போட்டிருந்த ஸ்வெட்டரின் கை உள்ளே போக, நான் போட்ட கூச்சலில் பஞ்சவர்ணம் அக்கா பாய்ந்து சுவிட்சை அணைத்தார். கை பிழைத்தது. இரண்டு விரல் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். தொடர் விடுமுறை, ஊர் முழுக்க ரூம் நிரம்பியிருந்தது. "மெக்கானிக் திங்கக்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சம்பளக் கணக்கு எழுதச் சொல்கிற மாதிரி லேசாகத்தான் சொன்னார் மனுஷர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்ட மாட்டோம் சார்" என்றேன். "கம்பி சரியாகுற வரைக்கும் அந்த மெஷின்கிட்ட யாரையும் அனுப்ப மாட்டேன். கையாலயே தேய்க்கிறோம். லேட்டாகும்னு எல்லா ஓட்டலுக்கும் நானே போன் பண்றேன்."

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

அவர் என்னையும் பார்த்தார், மெஷினையும் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போனார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். போனில் யாரையோ விரட்டுகிற சத்தம் கேட்டது. மத்தியானம் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு மேரி கட்டுப்போட்ட கையோடு சாயங்காலமே வந்துவிட்டாள். "நான் பயந்து செத்தேன் மேரி, நல்லவேளை வெளிய தெரியல" என்றேன். அவள் சிரித்தாள். "யார் சொன்னா? காலு நடுங்குனத எல்லாரும் பாத்தோம்னு பஞ்சவர்ணக்கா சொல்லுச்சு. அப்படியும் நகரலையாமே நீங்க!"

இப்போது எனக்குப் பேச நன்றாகவே வந்துவிட்டது. எந்த அளவுக்கென்றால், "நான் ஒன் லாண்டரில வேலை பாக்கலத்தா" என்று என் வீட்டுக்காரர்தான் அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.