ஆளோடு தூக்கும் மெஷின்

எங்கள் முதலாளி யாரிடமும் யோசனை கேட்கிற ஆள் இல்லை. அந்த வாரம் என்னிடம் கேட்டார். நான் கெட்டது அங்கேதான்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடை, தெம்பனிஸ் பக்கம் ஒரு கிடங்கு, இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. முன்பெல்லாம் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவோம். பேலட் என்கிற மரப்பலகையோடு இழுத்து லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. இப்போது செங்காங்கில் பதினான்காவது மாடியில் இருக்கிற ஓர் அக்கா ஃபோனைத் தட்டி ஒரு டப்பா பெருங்காயம், இரண்டு பாக்கெட் சூடம், ஒரு முறுக்கு அச்சு என்று கேட்பார். முறுக்கு அச்சு கிடங்கு ரேக்கின் நாலாவது தட்டில் இருக்கும். நான் ஏணியில் ஏறி எடுப்பேன். அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை செய்கிறவர். ஐம்பது வயது. என்னைக் குரங்கு என்று கூப்பிடுவார். நான் அவரைக் குரங்காட்டி என்பேன்.

தீபாவளி ஆர்டர்கள் குவிவதற்குள் ஏணியை ஒழிக்க வேண்டும் என்று முதலாளி இரண்டு மெஷின்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று ஸ்டாக்கர். பின்னால் நடந்துகொண்டே ஓட்டி, மேல் தட்டில் இருக்கிற பேலட்டை முழுதாகக் கீழே இறக்கலாம். இன்னொன்று ஆளையே மேடையில் நிறுத்தி மேலே தூக்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கலாம்.

"ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ் உனக்குத்தான் இருக்கு. ரெண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்லு லா. விளையாடாத," என்றார்.

உயர்நிலை மூன்றோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். என் கருத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மெஷின்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்து முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்: ஆளைத் தூக்குகிறதுதான் வேண்டும். காரணம் கேட்டால், அது ஆளைத் தூக்கும்.

வியாழக்கிழமை இரண்டையும் கொண்டுவந்தார்கள். விற்க வந்தவர் எனக்குப் பாதுகாப்பு வார் மாட்டி, ஓட்டக் காட்டி, ஒரு சமயத்தில் ஒரு ஆள் மட்டும்தான் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு முதலாளியோடு பேச ஆபீஸ் பக்கம் போனார். சாவி மெஷினிலேயே இருந்தது, நானும் மேடையிலேயே நின்றேன்.

"வாங்கண்ணே, சும்மா ஏறி நின்னு பாருங்க."

"எனக்கெதுக்குடா? நீதான குரங்கு."

"தூக்க மாட்டேன், சத்தியமா. நாளைக்கு நீங்களும்தான ஓட்டணும்?"

ஏறி என் பின்னால் நின்றார். தூக்கினேன்.

மூன்றாவது தட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. திரும்பினால், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். உதடு வெளுத்திருந்தது. அவர் உடம்பில் வாரும் இல்லை. உடனே இறக்கினேன். தரைக்கு வந்த பிறகும் அவர் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். நான் ஏறுவதும் அவர் பிடிப்பதும் வயசுக்கேற்ற வேலைப் பங்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலாளி ஆபீஸ் வாசலில் நின்றார்.

"யாரு அவர ஏத்துனது?"

"அவரேதான் பாஸ். மேல வியூ எப்படி இருக்குன்னு பார்க்கணும்னாரு."

என் வாய் அப்படி. நான் யோசித்து முடிப்பதற்குள் அது பேசிவிடும். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போனார்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மேல போறதையே எடுத்துரலாம். அதுக்கு நீ ஒரு ஆள் போதும். அவர் அதுல நிக்க மாட்டாரு. தேக்கா கடையிலயும் இடமில்ல. இனிமே வேல இல்லன்னு திங்கக்கிழமை அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

மறுநாள் ஒரு வார ஆர்டர் சீட்டுகளைப் பரப்பி, எது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் கோடு போட்டேன். கணக்கு வராது, கோடு வரும். அடிக்கடி போகிற சாமான்களில் பாதி மேல் தட்டுகளில் கிடந்தன. அங்கே வைத்தவன் நான்தான், ஏறுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. அவற்றைக் கீழ் இரண்டு தட்டுகளுக்கு மாற்றிவிட்டு, காலையில் ஸ்டாக்கரால் நாலைந்து பேலட் இறக்கினால் போதும். நாள் முழுக்க யாரும் மேலே போக வேண்டாம். ரேக்குகளுக்கு நடுவே இருக்கிற சந்தில் ஸ்டாக்கர் திரும்புமா என்றும், பேலட்டுகள் ரேக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சேர்த்து அளந்தேன். ஒரு சாண் மிச்சத்தில் திரும்பும்.

திங்கட்கிழமை காலை அட்டையை முதலாளி மேசையில் வைத்தேன்.

"நீ கணக்குப் போட்டியா? இதுல என்னடா காமெடி?"

"காமெடி இல்ல பாஸ்."

"அன்னைக்கு மேல போறதுதான் வேணும்னு குதிச்ச. இன்னைக்கு அவருக்காக வேற கத சொல்ற. வாரு கூட மாட்டாம வேடிக்க பார்க்க ஏறுற ஆள நம்பி எந்த மெஷினக் குடுக்குறது?"

நான் சொன்ன பொய் எனக்கு முன்பே வந்து அங்கே உட்கார்ந்திருந்தது.

"அவர் ஏறணும்னு கேக்கல பாஸ். தூக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணி நான்தான் ஏத்துனேன்."

முதலாளி மேசையைத் தட்டி, "லைசன்ஸ் கார்ட இங்க வை," என்றார். வைத்தேன். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, கோடுகளை விரலால் எண்ண ஆரம்பித்தார்.

மூன்று மாத வாடகைக்கு ஸ்டாக்கர் வந்தது. அது போதுமா என்பதைத் தீபாவளிக்குப் பிறகு பார்ப்பாராம். அதுவரை அண்ணனுக்கு வேலை உண்டு. பயிற்சி எடுத்துக்கொண்டு அவர்தான் ஓட்டுகிறார். நான் சீட்டை வைத்துக்கொண்டு தள்ளுவண்டி தள்ளுகிறேன்.

இப்போது அவர் என்னைக் குரங்கு என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு பேலட்டுக்கு முன்பும், நான் எவ்வளவு தள்ளி நின்றாலும், என் முகத்தைப் பார்த்து, "தூக்குறேன்," என்கிறார். சொல்லிவிட்டு நிற்கிறார்.

நேற்று ஒரு கேலி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "சரிண்ணே," என்றேன். அதற்குப் பிறகுதான் பட்டனை அழுத்தினார்.